ஃபென்வேயா, ரிக்லியா? இரண்டு பழைய பேஸ்பால் மைதானங்கள்

கேள்வி: என் மகள் பாஸ்டனிலும் மகன் சிகாகோவிலும் வேலை பார்க்கிறார்கள். வரும் கோடையில் இருவரிடமும் போகவிருக்கிறேன். பாஸ்டனின் ஃபென்வே பார்க், சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு ஆகிய இரண்டுமே நூற்றாண்டு கண்ட பேஸ்பால் மைதானங்களாம். தத்தம் ஊர் மைதானமே உசத்தி என்று பிள்ளைகள் தொலைபேசியில் வாதாடுகிறார்கள். கிரிக்கெட் மட்டுமே அறிந்த எனக்கு இவற்றின் வேறுபாட்டை விளக்க இயலுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வயதைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. ஃபென்வே திறக்கப்பட்டது 1912 ஏப்ரல் 20. ரிக்லி 1914 ஏப்ரல் 23. மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பால் போட்டி) ஆட்டங்கள் இன்றும் நடைபெறும் மைதானங்களில் முதலாவது மூத்ததும் இரண்டாவது மூத்ததும் இவைதாம்.

பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து (பேட்டர் ஓடித் தொடவேண்டிய இடம்) அடுத்த பேஸுக்கு 90 அடி, பிட்சர், அதாவது பந்து வீச்சாளர், பந்தெறியும் இடத்திலிருந்து பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம் என்ற அளவுகள் எங்கும் மாறுவதில்லை. ஆனால் வெளிச்சுவர் எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். பழைய மைதானங்களில் அதைப் பெரும்பாலும் முடிவு செய்தது சுற்றியிருந்த தெருக்கள்தாம்.

ஃபென்வேயின் இடப்புறச் சுவரை ஒட்டி லான்ஸ்டவுன் தெரு ஓடுகிறது. அதனால் மைதானம் அந்தப் பக்கம் விரிய வழியில்லாமல், ஹோம் பிளேட்டிலிருந்து 310 அடியிலேயே சுவர் வந்துவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டுவதுபோலச் சுவர் 37 அடி 2 அங்குல உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. ஒரு காலத்தில் விளம்பரங்கள் நிறைந்திருந்த அதற்கு 1947இல் பச்சை வண்ணம் பூசினார்கள். 'கிரீன் மான்ஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். இந்தச் சுவர் ஆட்டத்தின் நியாயத்தையே தலைகீழாக்கிவிடுகிறது. வேறு மைதானத்தில் ஃபீல்டரின் கையில் எளிதாக விழுந்திருக்கக்கூடிய உயரமான பந்து இங்கே சுவரைத் தாண்டி, உங்கள் சிக்ஸர் போன்ற ஹோம் ரன் ஆகிவிடும். வேறு எங்கும் ஹோம் ரன் ஆகியிருக்கக்கூடிய, தாழ்வாகச் சீறிச் செல்லும் பந்தோ சுவரில் மோதித் திரும்பி ஓரிரு பேஸ்களோடு நின்றுவிடும். சுவரில் பட்டு அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதைக் கணிப்பது பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் இடப்புற ஃபீல்டர் கற்றுக்கொள்ள வேண்டிய தனிக்கலை. அதே சுவரின் அடியில் உள்ள ஸ்கோர் பலகையில் எண்களை இன்றும் ஆட்களே உள்ளிருந்து மாற்றுகிறார்கள். வலப்புறம் தொலைவாகத் தென்படும் வரிசைகளில் ஒரே ஓர் இருக்கை மட்டும் சிவப்பாக இருக்கும். 1946இல் டெட் வில்லியம்ஸ் அடித்து, 502 அடி பறந்ததாகக் கணக்கிடப்பட்ட ஹோம் ரன் விழுந்த இடம் அது.

ரிக்லி இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. அங்கே சுவர் அச்சுறுத்துவதில்லை. 1937இல் நட்ட கொடிகள் செங்கல் சுவர் முழுவதையும் மூடியிருக்கின்றன. பந்து கொடிக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரு கைகளையும் உயர்த்தி நிற்பார். நடுவர் பேட்டருக்கு இரண்டு பேஸ் வழங்குவார். ஃபீல்டர் அவசரப்பட்டு இலைகளுக்குள் கைவிட்டுத் தேடத் தொடங்கினாரோ, ஆட்டம் தொடர்வதாகவே கொள்ளப்படும். ஏப்ரலில் போனால் வெறுங்கொடிதான் தெரியும் என்பதால் கோடையில் நீங்கள் போவது நல்லது.

ரிக்லியின் உண்மையான வில்லன் காற்று. மிச்சிகன் ஏரி அருகிலேயே இருக்கிறது. தேவனாம்பட்டினக் கடற்கரைப் பக்கமிருந்து மாலைக் காற்று எழுந்தபின் தூக்கியடித்த பந்து என்ன பாடுபடும் என்பதை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரிக்காற்று உள்நோக்கி வீசும் நாளில் ஹோம் ரன்கள் அரிதாகிவிடும். வெளிநோக்கி வீசினால் பிட்சர்கள் கதி அதோகதிதான். 1979 மே 17 அன்று அப்படி வீசிய காற்றில் பிலடெல்பியா அணி சிகாகோ கப்ஸ் அணியை 23–22 என்று வென்றது.

பேஸ்பாலின் நுணுக்கம் பிடித்தவர்களுக்கு ஃபென்வேதான் மேல் என்பது என் கருத்து. விதிகள் பிடிபடாதவருக்கோ ரிக்லியில் ஒரு பகல் ஆட்டமே போதிய விருந்து. அக்கம்பக்கத்து வீடுகளின் மொட்டை மாடிகளில்கூட இருக்கை போட்டு டிக்கெட் விற்கிறார்கள். உங்கள் மகள் என்னை மன்னிக்கட்டும்.

கேள்வி: நூற்றாண்டு கடந்த இந்த மைதானங்களை எப்படி இடிக்காமல் காப்பாற்றினார்கள்? கடற்கரைச் சாலையிலிருந்த பழைய மேரி (நகராட்சி மன்றக்) கட்டடம் 2014இல் இடிந்து விழுந்ததைக் கண்ட ஊர்க்காரன் என்பதால் கேட்கிறேன்.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தொடாமல் காப்பாற்றவில்லை; ஓயாமல் பழுதுபார்த்துக் காப்பாற்றினார்கள். ஃபென்வே 1934இல் பெருமளவு திருத்திக் கட்டப்பட்டது. 1999இல் அதன் அப்போதைய உரிமையாளர்கள் பக்கத்திலேயே புதிய மைதானம் கட்டத் திட்டமிட்டார்கள். 2002இல் ரெட் சாக்ஸ் அணியை வாங்கியவர்கள் அதைக் கைவிட்டு, பழைய மைதானத்தையே ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் சீரமைத்தார்கள். பச்சைச் சுவரின் உச்சியில் 2003இல் இருக்கைகள் வந்தது அப்படித்தான். ரிக்லியிலும் 2014 முதல் சில ஆண்டுகள், ஆட்டம் இல்லாத மாதங்களில் பணிகள் நடந்தன. 2020இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாரம்பரியப் பற்று மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பழமையைப் பார்க்கவே மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள் என்பதை உரிமையாளர்கள் புரிந்துகொண்டார்கள். நம் மேரி கட்டடத்துக்கு அத்தகைய தொடர் வருமானம் இல்லை; இடிந்தபின் அதே தோற்றத்தில் புதிதாகத்தான் எழுப்ப நேர்ந்தது.

கேள்வி: ரிக்லியில் பல காலம் விளக்கே இல்லையாமே, மெய்யா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மெய்தான். ஃபென்வேக்கு 1947இலேயே இரவு ஆட்டம் வந்துவிட்டது. ரிக்லிக்காக வாங்கிய விளக்குப் பொருள்களை, 1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் உரிமையாளர் போர்ப்பணிக்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் நெடுங்காலம் விளக்குகள் பொருத்தப்படவில்லை. பின்னர் அந்த முயற்சி நடந்தபோது, இரவில் கூட்டமும் இரைச்சலும் வேண்டாமென்று குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 1988 ஆகஸ்ட் 8 அன்று விளக்குகள் எரிந்தன. மழை வந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டது! மறுநாள்தான் முதல் இரவு ஆட்டம் முழுமையாக நடந்தது. இன்றும் பகல் ஆட்டங்கள் அங்கே அதிகம். டிக்கெட் வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு மைதானங்களிலும் கூரையைத் தாங்கும் தூண்கள் சில இருக்கைகளுக்குக் குறுக்கே நிற்கும். பார்வை மறைக்கும் இருக்கையா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.