ருமேனியாவில் விற்றது எது, திறந்தது எது?

கேள்வி: ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்றான ருமேனியாவில் இணைய வேகம் ஜெர்மனியைவிட அதிகமாம். கம்யூனிச ஆட்சி விழுந்தபின் தொலைபேசித் துறையைத் தனியாருக்கு விற்றதுதான் காரணம் என்கிறார் என் நண்பர். சரிதானே?

பதில்: வேகம் சரி, காரணம் தவறு. 1998-ல் அரசுத் தொலைபேசி நிறுவனமான ரோம்டெலிகாமில் 35 சதவீதப் பங்கை 67.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? கிரேக்கத்தின் தொலைபேசி நிறுவனமான ஓ.டி.இ. அதுவே அப்போது கிரேக்க அரசின் பிடியில் இருந்த நிறுவனம். ஓர் அரசு இன்னோர் அரசின் கம்பெனிக்கு விற்றதற்குத்தான் தனியார்மயம் என்று பெயர்!

அதோடு விட்டார்களா? 2002 கடைசிவரை வீட்டுத் தொலைபேசித் தொழிலில் வேறு யாரும் நுழைய முடியாத ஏகபோகத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். போட்டிக்கு வழியை அடைத்துவிட்டு விற்றால் கஜானாவுக்கு நல்ல விலை வரும். அந்த விலையைக் கட்டுவது யார்? மாதாமாதம் பில் கட்டும் சந்தாதாரர்தான். செல்போன் கதை வேறு. அங்கே 1997-லேயே இரண்டு செல்போன் நிறுவனங்கள் இறங்கி மோதிக்கொண்டன. ரோம்டெலிகாம் விற்பனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, இணையம்? அதைக் கொண்டுவந்தது பெரிய கம்பெனி இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்புப் பையன்கள். விளையாடவும் படம் பகிரவும் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கேபிள் இழுத்தார்கள். ஓர் இணைப்பை வாங்கிப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். (1983-ல் கம்யூனிச சர்வாதிகாரி சௌசெஸ்கு போட்ட ஆணைப்படி தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தால் போலீசில் பதிவு செய்ய வேண்டும். அதே ஊர்தான் இது!) நகரத்தில் தெருவுக்குத் தெரு இப்படி வலைப்பின்னல்கள் முளைத்தன.

அரசு செய்த நல்ல காரியம், இவர்களை நசுக்காமல் விட்டது. 2002-ல் ஏ.என்.ஆர்.சி. என்ற ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 2003 ஜனவரி 1-ல் ஏகபோகம் முடிந்தது. அதன்பின் தொழில் தொடங்கத் தனி உரிமத்துக்கு அலைய வேண்டாம், ஆணையத்துக்கு அறிவிப்புக் கொடுத்தால் போதும். வேற்று நிறுவனங்களுக்குத் தன் வலையில் இணைப்புத் தரும் கடமையை ரோம்டெலிகாம் தலையில் ஆணையம் கட்டியது. என்னைக் கேட்டால், விற்பனைப் பத்திரத்தைவிட இந்த அறிவிப்புத் தாளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

எல்லாம் இனிப்பு என்று நினைக்க வேண்டாம். தலைநகர் புக்கரெஸ்டின் கம்பங்களில் கறுப்பு ஒயர்கள் இடியாப்பமாகத் தொங்கின. சின்ன வலைகளில் பலவற்றை ஆர்.டி.எஸ். என்ற இணைய நிறுவனம் போன்ற பெரிய மீன்கள் விழுங்கின. கிராமங்கள் வெகுகாலம் பின்தங்கியே இருந்தன.

அப்புறம், அந்த விற்பனை என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2003-ல் தன் பங்கை 54 சதவீதமாக உயர்த்திக்கொண்ட ஓ.டி.இ., 2021-ல் அதைப் பிரான்சின் ஆரஞ்ச் தொலைபேசி நிறுவனத்துக்கு விற்றது. பேசிய விலை 26.8 கோடி யூரோ. நண்பரிடம் இந்தக் கணக்கையும் காட்டுங்கள்.