தங்கையின் இரவுகளும் இலவசமா?

கேள்வி: மூன்று வருடமாக அழைப்பிதழ், வாழ்த்து அட்டை டிசைன்கள் செய்து இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவருகிறேன். இதுவரை 60 டிசைன்கள். நிறையப் பேர் இறக்கிக்கொள்கிறார்கள். பெயர், தேதி, நிறம் மாற்றித் தரச்சொல்லி தினமும் மூன்று பேராவது கேட்பார்கள். அதை என் தங்கை ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடுவாள், அதனால் சிரமமில்லை. ஆனால் காசு கொடுத்து வேலை சொல்ல ஒருவரும் வரவில்லை. இலவசத்தை நிறுத்திவிடட்டுமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டுமா?

பதில்: தம்பி, நிறுத்துவதா பொறுப்பதா என்பதற்கு அப்புறம் வருகிறேன். தங்கையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசவேண்டும்.

கணக்குப் போடுங்கள். எழுத்துப்பிழை, "இந்த நீலம் வேண்டாம், கொஞ்சம் வெளிறிய நீலம்", போய்வரும் செய்திகள் எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 40 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கு 2 மணி நேரம். மாதத்துக்கு 60 மணி நேரம். ஒரு அலுவலகத்தில் ஒன்றரை வாரம் வேலை பார்த்த சம்பளம் அது. சிரமமில்லை என்று எழுதுகிறீர்கள். உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். கூடப்பிறந்தவள் என்பதற்காக அவள் தூக்கத்தை எடுத்து ஊருக்கு வாரி வழங்க உங்களுக்கு உரிமை கிடையாது. கொடுக்க ஆசையிருந்தால் தன் பங்கிலிருந்து கொடுக்கவேண்டும். அவளுக்கு இதில் விருப்பமா என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

உங்கள் தொழில் படுத்திருப்பதும் இதே இடத்தில்தான். வரைந்து முடித்த படத்தை ஒருவர் எடுத்தாலும் ஆயிரம் பேர் எடுத்தாலும் உங்களுக்கு வேலை கூடாது. பெயர் மாற்றுவது அப்படியல்ல, ஆளுக்கு ஆள் புதிதாக நேரம் தின்னும். முன்னதை இலவசமாகக் கொடுக்கலாம், தப்பில்லை. பின்னதுதான் சரக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாங்க ஆளில்லை என்றால் எப்படி? அவர்கள் வாங்குவதற்கு என்ன மிச்சம் வைத்தீர்கள்?

இலவசத்தை அடியோடு நிறுத்தவேண்டாம். 60 டிசைனில் ஆறை மட்டும் வையுங்கள். சுமாரானதை இலவசத்தில் தள்ளிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு, அது கெடுதல். புதிதாக வருகிறவர் முதலில் பார்ப்பதே அதைத்தான், ஆகவே சிறந்த ஆறு. பெயரும் தேதியும் வரும் இடத்தை வெறுமையாக விடுங்கள், பேனாவால் எழுதிக்கொள்ளட்டும். கையால் எழுதினால் போதும் என்பவர் எந்நாளும் உங்களுக்குக் காசு கொடுக்கப்போவதில்லை, அவரைப் பற்றிக் கவலை வேண்டாம். அச்செழுத்தில் வேண்டும் என்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

கோப்பின் அளவும் முக்கியம். 5 அங்குலத்துக்கு 7 அங்குல அட்டை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், தெளிவாக அச்சாக 1500க்கு 2100 பிக்சல் தேவை. இலவசத்துக்கு 750க்கு 1050 போதும். கைபேசியில் அனுப்ப அது நன்றாகவே இருக்கும். அதே அட்டை அளவில் அச்சடித்தால் 150 டிபிஐதான், கூர்மை குறைவது தெரியும். எழுத்தும் படத்தோடு படமாக ஒட்டிவிடும் ஜேபெக் கோப்பாகக் கொடுங்கள். எழுத்து எழுத்தாகவே இருக்கும் பிடிஎஃப்பைக் கொடுத்தால் தெரிந்தவர் திறந்து மாற்றிவிடுவார். எழுத்தும் படமும் தனித்தனி அடுக்காக (லேயர்) உள்ள மூலக்கோப்பு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. கூடவே எழுத்துருக் கோப்பையும் அனுப்பினால் அந்த எழுத்துருவின் உரிமத்தையே மீறியதாகலாம். உங்கள் பெயரை ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கோப்புக்குள் பெயரைப் பதிந்துவைத்தாலும், அந்த விவரங்களைப் பல சமூக ஊடகங்கள் தாமே நீக்கிவிடும். ஆகவே கொடியோ பூவோ ஓடும் இடத்தில், வெட்டினால் படம் கெடும்படியாகப் பெயரைச் சேர்த்து வரையுங்கள்.

இறக்கிக்கொள்கிறவரிடம் மின்னஞ்சலும் விழா என்றைக்கு என்பதும் கேளுங்கள். தேதி தெரிந்தால் அதற்கு ஆறு வாரம் முன்பு, பெயரிட்ட அட்டை வேண்டுமா என்று ஒரு கடிதம் போடலாம். ஒன்றுதான், தினமும் போட்டு விரட்டாதீர்கள்.

காசு வேலைக்கு நிபந்தனை முதலிலேயே எழுத்தில் இருக்கட்டும்: பாதித் தொகை முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம், மூன்றாவது சுற்றுக்குத் தனிக் கட்டணம், மாதிரியின் குறுக்கே மங்கலாக உங்கள் பெயர் (நீர்க்குறி), மீதி வந்த பிறகே முழு அளவுக் கோப்பு. பெயர், தேதியின் எழுத்துகளைச் சரிபார்த்ததாக அவரிடம் பதில் வாங்காமல் இறுதிக் கோப்பை அனுப்பாதீர்கள். பிழையோடு அச்சானால் சண்டை அங்கேதான் வரும்.

ஏற்கெனவே போன கோப்புகள் போனதுதான். சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருந்தால், எடுத்தவரிடமிருந்து அந்த உரிமையைத் திரும்பப் பறிக்கவும் முடியாது. இலவசமாகப் பெற்றுப் பழகிய சிலர் கோபப்படுவார்கள், படட்டும்.

தங்கையிடம் இன்றைக்கே கேளுங்கள். தொடர விருப்பமென்றால் ஒவ்வொரு வேலையிலும் அவள் பங்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்; திருத்த வேலை முழுக்க அவளுடையது என்பதால் பாதிக்குக் குறைவாக எழுதாதீர்கள். விருப்பமில்லை என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். இப்போது மாற்றத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு, இனி இது கட்டணச் சேவை, இன்ன தொகை, இத்தனை நாளில் கிடைக்கும் என்று பதில் போகவேண்டும். அதையாவது நீங்கள் எழுதுங்கள், அவளிடம் தள்ளாதீர்கள்.