முதல் ஃபுட்பாக்: அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரப் பொடியள் வட்டமாக நின்று ஒரு சின்னப் பந்தைக் காலால் தட்டி விளையாடுவதைப் பார்த்துவிட்டு, என் மகனும் அது வேண்டுமென்று நிற்கிறான். இணையத்தில் நூலால் பின்னியது, 8 துண்டு, 32 துண்டு, மணல் அடைத்தது என்று விதவிதமாக இருக்கிறது. துண்டு கூடினால் தரமும் கூடுமா?
— ஒரு தாய், திருகோணமலை

பதில்: அந்தச் சின்னப் பந்துதான் ஃபுட்பாக், அம்மா: மணலோ மணியோ அடைத்துத் தைத்த சிறு பை. மேலுறையில் எத்தனை துண்டு என்ற கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள். துண்டு கூடக்கூடப் பை நல்ல உருண்டை வடிவில் வரும், கைத்தையல் வேலையும் கூடும். விலை ஏறுவது அதனால்தான். 32 துண்டுப் பையை விரும்பி வாங்குவது வித்தை காட்டுமளவுக்குப் பழகியவர்கள்.

புதிதாகப் பழகுகிறவருக்குப் பை காலில் தங்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதுதான். மணல் அடைத்த பை கனமானது. பாதத்தில் விழுந்ததும் பரவி அப்படியே கிடக்கும். பிளாஸ்ரிக் மணி அடைத்தது இலேசு, கொஞ்சம் துள்ளும். ஆனால் தளர்வாக இருந்தால் அதுவும் உதவும். இரும்பு மணி வேண்டாம். நம் ஊர் உப்புக் காற்றுக்கும் ஈர மணலுக்கும் துருப்பிடித்துவிடும்.

கடையில் இரண்டு விரலால் அமுக்குங்கள். பள்ளம் விழ வேண்டும். பிறகு மேசையில் போட்டுப் பாருங்கள்: விழுந்த இடத்திலேயே கிடந்தால் வாங்கலாம். உருண்டு ஓடினால் காலிலிருந்தும் ஓடும்.

மேலுறைக்குச் செயற்கை சுவேட் (மெத்தென்ற தோல் போன்ற) துணி நல்லது. பின்னல் பைதான் மலிவு, நாலு பேர் நின்று தட்ட அது போதும். நாளாக நாளாக இழை தளர்ந்து மணி கொட்டும், அவ்வளவுதான். இரண்டு துண்டுத் தோலில் கல்லுப்போல வருவதை மட்டும் தொடவேண்டாம். அது 5 அடி உயர வலைக்கு மேலால் அடித்து ஆடும் ஆட்டத்துக்கானது.

இணையத்தில் வாங்குவதானால் விட்டமும் நிறையும் கேளுங்கள். சுமார் 5 சென்ரிமீற்றர், 40 முதல் 60 கிராம் வரை என்றால் சரி. ‘ஹாக்கி சாக்’ என்ற பெயரை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. 1972இல் அமெரிக்காவின் ஒரிகனில் மைக் மார்ஷலும் ஜோன் ஸ்டால்பெர்கரும் தொடங்கிய விளையாட்டின் வணிகப் பெயர் அது; பிறகு வாம்-ஓ கம்பனி வாங்கியது. இன்று எந்தப் பைக்கும் அந்தப் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பை பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு பையின் விலையையே தாண்டும். ஆகவே முதலாவதைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே புத்தி. பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை.

கேள்வி: வாங்காமல் வீட்டிலேயே செய்ய முடியாதா? கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்!
— இன்னொரு வாசகர், நிலாவெளி

பதில்: முடியும். பழைய காலுறை நுனியை வெட்டி அடைத்துத் தைத்தால் ஒரு மாதிரிப் பை வரும். ஆனால் கடல் மணலை அப்படியே போட்டால் உப்பு ஈரத்தை இழுத்துப் பை எப்போதும் நசநசவென்று இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தரம் அலசி, வெயிலில் காயவைத்து, அரித்து எடுங்கள். காலுறையின் இழை வழியே மணல் கசியும், ஆகவே உள்ளே நெருக்கமான துணியில் இன்னொரு பை போடுங்கள். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். அரிசி, பயறு போட்டால் வண்டு வரும்.