டீச்சர் பதில்கள்: வந்த வலைக்குள் பாத்திரம்

டீச்சர், போன இதழ்க் குறுக்கெழுத்துப் புதிரில் 'வந்த வலைக்குள் பாத்திரம் (3)' என்று ஒரு குறிப்பு. நான் கடலோரத்துக்காரன். வலைக்குள் செருப்பு சிக்கியிருக்கிறது, பாத்திரம் சிக்கியதில்லை. விடை 'தவலை' என்கிறீர்கள். எப்படி?
— வலை பின்னுபவர், குளச்சல்

நீங்கள் வலையைப் பார்த்தீர்கள். உங்களை மாட்டிவிட்டதே அதுதான். கடலை மறந்துவிட்டு எழுத்துகளை மட்டும் பாருங்கள். 'வந்த' என்பதன் கடைசி எழுத்து த. அதோடு பக்கத்தில் நிற்கும் 'வலை'யைச் சேர்த்து வாசித்தால் தவலை. பழைய வீடுகளில் தண்ணீர் பிடித்து வைப்பார்களே, அந்தப் பித்தளைத் தவலைதான். 'க்குள்' என்பது, விடை இந்தச் சொற்களுக்கு உள்ளேயே கிடக்கிறது என்று காட்டும் சைகை. கடைசியில் இருக்கும் 'பாத்திரம்' நேர்பொருள், அதாவது விடைக்கு நேராகப் பொருள் சொல்லும் சொல். அடைப்புக்குள் இருக்கும் 3, விடையின் எழுத்துக் கணக்கு.

இந்த வகைக் குறிப்பு எதை எடுத்தாலும் நேர்பொருள் ஒரு ஓரத்தில் இருக்கும். முதலில் இருக்கும், இல்லையென்றால் கடைசியில். மிச்சச் சொற்கள் விடையை எழுத்து எழுத்தாகக் கட்டுவதற்கு வழி சொல்பவை. இரண்டையும் ஒட்டவைக்க நாங்கள் ஒரு கதை விடுவோம். அந்தக் கதையை நம்பாமல் இருந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

இன்னொன்று பாருங்கள்: 'தோல் வாலை விட்டு மீனைப் பிடிக்க, பூ மணக்கும் ஊர் (3)'. தோல் என்ற சொல்லின் வால் ல். அதை விட்டால் தோ. மீன், வாளை. தோவாளை. பூச்சந்தை இருக்கிற ஊர்தானே அது!

நானே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: 'பாலம் இடிந்தால் காண்டிராக்டருக்குக் கிடைப்பது (3)'. விடை: லாபம். பிரசுரிப்பீர்களா?
— ஓய்வுபெற்ற ஓவர்சியர், குழித்துறை

வாசித்துவிட்டுச் சிரித்தேன். வேலை பார்த்தவருக்குத்தான் இப்படித் தோன்றும். ஆனால் பிரசுரிக்க முடியாது. பாலம் என்பதில் இருப்பவை பா, ல, ம். லாபத்துக்கு வேண்டியவை லா, ப, ம். நம் கட்டத்தில் ஒரு உயிர்மெய் ஒரு முழு எழுத்து. பாவின் காலைப் பிடுங்கி லகரத்துக்கு மாட்ட நமக்கு உரிமை இல்லை. இங்கிலீஷ் புதிரில் அந்தச் சுதந்திரம் உண்டு, அங்கே உயிரும் மெய்யும் தனித்தனியாக நிற்கின்றன. அதனால்தான் தமிழில் எழுத்துக் கலைத்துச் செய்யும் குறிப்புக்கு நல்ல சொல் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் விடக்கூடாது. 'நகரம் கலங்கினால் பாவிகள் போகுமிடம் (4)'. ந, க, ர, ம் நான்கும் இடம் மாறி நரகம். கலங்கி, குழம்பி, சிதறி, தடுமாறி, புரண்டு என்று எது கண்ணில் பட்டாலும் பக்கத்துச் சொல்லைக் கலைத்துப் பாருங்கள்.

உங்கள் 'இடிந்தால்' அருமையான சைகை. அதற்குப் பொருத்தமான வேறு சொல் தேடி அனுப்புங்கள். காண்டிராக்டரையும் விட்டுவிட வேண்டாம்.

பாதிக் கட்டம் நிரம்பிய பிறகு நின்றுவிடுகிறேன் டீச்சர். வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என்ன செய்ய?
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

மக்களே, பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோன நன்னூலை எடு. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் (எந்த மெய்க்குப் பின்னால் எது வரும்) என்று நான் வகுப்பில் கத்தும்போது பின்பெஞ்சு தூங்கும். அதெல்லாம் குறுக்கெழுத்துக்கென்றே எழுதிவைத்த மாதிரி இருக்கும்.

கடைசிக் கட்டத்தில் புள்ளி வைத்த எழுத்து வரும் என்று உனக்குத் தோன்றினால், க், ச், ட், த், ப், ற் ஆறையும் அடித்துவிடு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. முதல் கட்டத்தில் மெய் வராது. ட, ண, ழ, ள, ற, ன வரிசைகளும் வராது (நீ என்னைக் கூப்பிடுகிற 'டீச்சர்' வேறு கதை). நடுக்கட்டத்தில் க் கிடைத்தால் அது சும்மா எழுத்தல்ல, புதையல். அடுத்த கட்டத்தில் க முதல் கௌ வரைக்குள் ஒன்றுதான் வரும். ச், த், ப் மூன்றும் அப்படியே, தன் இனத்தோடுதான் சேரும். பக்தி, சக்தி போல வடக்கிலிருந்து வந்தவை மட்டும் விலக்கு. ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: கட்சி, நட்பு, கற்பனை, முயற்சி. ங் வந்தால் பின்னாலேயே ககரம் வருகிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு: 'தக்க மாலையில் பாதி, அரண்மனைக்குப் பக்கத்து ஊர் (4)'. இரண்டாம் கட்டத்தில் க் என்று குறுக்கே வந்த விடை சொல்லிவிட்டது. அப்போதே மூன்றாவது ககர வரிசை. த தெரிந்தால் 'தக்க' குறிப்பிலேயே இருக்கிறது. மாலையில் பாதி லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் தக்கலை. எங்கள் ஊர் என்பதால் சேர்க்கவில்லை, வில்லுக்குறி தாண்டுவதற்குள் பஸ்ஸில் தானாக அமைந்தது.

'முட்டாள், உரித்துத் தின்றால் இனிப்பான் (3)' என்று போட்டு விடை 'மட்டி' என்கிறீர்கள். மதுரையில் இருக்கும் என் மைத்துனர் சண்டைக்கு வருகிறார். மட்டி என்கிற நம் ஊர் வாழைப்பழம் அவருக்கு எப்படித் தெரியும்?
— வாழைத்தார் வியாபாரி, திங்கள்சந்தை

2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்ட பழம், மைத்துனர் தெரிந்துகொள்ளட்டும். சரி, விளையாட்டை விடுவோம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஸிமனீஸ் என்ற பெயரில் இங்கிலாந்தில் புதிர் அமைத்த மக்நட் 1966இல் ஒரு நூல் எழுதினார். குறிப்பில் சரியான நேர்பொருள் வேண்டும், நேர்மையான சொல்விளையாட்டு வேண்டும், சும்மா நிற்கும் சொல் ஒன்றுகூடக் கூடாது என்பது அந்த வழியில் வருகிறவர்களின் கட்டளை. மட்டி என்றால் மூடன் என்று அகராதியில் இருக்கிறது, ஆகவே ஒரு பக்கம் எல்லாருக்கும் பொது. இன்னொரு பக்கம் நம் ஊர். ஒரு கதவாவது வெளியூர்க்காரருக்குத் திறந்திருந்தால் தப்பில்லை என்பது என் கட்சி. இரண்டு கதவும் உள்ளூர்ப் பூட்டாக இருந்தால் நானே அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடுவேன். கடற்கரையில் மட்டி என்றால் சிப்பி. அதையும் சேர்த்திருந்தால் மைத்துனர் பஸ் ஏறி வந்திருப்பார்.

வெள்ளைக்காரன் விளையாட்டை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?
— தமிழாசிரியர், பூதப்பாண்டி

கட்டம் அவர்களுடையது. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் பத்திரிகையில் முதல் புதிரை வெளியிட்டார். அதில் பூடகம் கிடையாது. 1926இல் லண்டன் அப்சர்வர் பத்திரிகையில் டார்க்கிமாடா என்ற பெயரில் வந்தவர்தான் ஆட்களைச் சுற்றலில் விட்டவர். (டார்க்கிமாடா, ஸிமனீஸ் இரண்டுமே ஸ்பெயினில் சமய விசாரணை நடத்திய தலைவர்களின் பெயர்கள். வாசகர் மேல் என்ன பாசம் பாருங்கள்.) ஆனால் ஐயா, ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைக்கும் கரந்துறைப் பாட்டை நீங்கள்தானே பிள்ளைகளுக்கு நடத்துகிறீர்கள்? தவலை அந்த வம்சம். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் பொருள் சொன்ன காளமேகம் இன்று இருந்தால் மட்டிக்கு என்னைவிட நல்ல குறிப்பு எழுதியிருப்பார். கட்டத்தை மட்டும் கடன் வாங்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேனாவால் நிரப்புகிறவர்தான் அசல் ஆட்டக்காரர் என்கிறார் என் வீட்டுக்காரர். நான் பென்சில். யார் சரி?
— குடும்பத்தலைவி, வடசேரி

நீங்கள். விடை வெளியான அன்று அவருடைய பழைய கட்டத்தைக் கேட்டுப் பாருங்கள், பேப்பரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாச்சு என்பார்.