40 வாரம் முடிந்தும் வலி வரவில்லை. ஜெல் வைத்து வலி வரவழைத்த அம்மாக்களின் அனுபவம் எப்படி இருந்தது?

முதல் குழந்தை, 40 வாரம் 4 நாள், "கர்ப்பப்பை வாய் இன்னும் மூடியே இருக்கு, திங்கட்கிழமை அட்மிட் ஆயிடுங்க, ஜெல் வைக்கலாம்" என்று டாக்டர் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அக்கா "ஜெல் வச்சா கடைசியில ஆபரேஷன்தான்" என்று சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2017-ல் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை, 41 வாரம், சரியாகத் திறக்காத வாய். நான் டாக்டர் இல்லை. பட்டதையும், அதன்பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

ஜெல் என்றால் வலி வரவைக்கிற மருந்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். வைத்தால் ஒரு மணி நேரத்தில் வலி வரும், சாயங்காலத்துக்குள் குழந்தை பிறக்கும் என்று என் அம்மா பக்கத்து ஊர் அத்தைக்கு போன் போட்டே சொல்லிவிட்டார். அங்கேதான் எங்கள் கணக்கு தப்பியது. ஜெல்லின் முதல் வேலை கர்ப்பப்பை வாயைப் பதப்படுத்துவது. பிரசவம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். இந்த இரண்டும் தனித்தனி வேலை என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், அந்த இரவில் நான் பட்ட பயத்தில் பாதி இருந்திருக்காது.

பதம் என்றால் என்ன என்று ராத்திரி டியூட்டி சிஸ்டர் ஒருவர்தான் எனக்குப் புரியவைத்தார். "உன் மூக்கு நுனியைத் தொட்டுப் பாரும்மா" என்றார். தொட்டேன். "இப்ப உதட்டைத் தொடு." தொட்டேன். "இப்ப உன் கர்ப்பப்பை வாய் மூக்கு மாதிரி இருக்கு. அது உதடு மாதிரி ஆகணும். ஆனாத்தான் திறக்கும். அதுக்குத்தான் இந்த ஜெல்." இருட்டில் படுத்துக்கொண்டு மூக்கையும் உதட்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

டாக்டர்கள் இதற்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். பிஷப் ஸ்கோர் என்று பெயர். 1964-ல் பிஷப் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கொண்டுவந்தது. கை வைத்துப் பார்க்கும்போது வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, கெட்டியா மெத்தென்று இருக்கிறதா, பின்பக்கமா முன்பக்கமா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்தையும் பார்த்து மொத்தம் 13-க்கு மதிப்பெண். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் பதமாகவில்லை, முதலில் ஜெல்லோ மாத்திரையோ பலூனோ வைக்க வேண்டும். 8-ஐத் தாண்டிவிட்டால் தானாக வலி வந்தவர்களுக்கு உள்ள அளவுக்கே சுகப்பிரசவ வாய்ப்பு இருக்கிறது என்பார்கள். எனக்கு 3. திங்கட்கிழமை போகும்போது நீங்கள் வெட்கப்படாமல் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் ஸ்கோர் எவ்வளவு டாக்டர்?" என்பதுதான். அந்த எண்ணை வைத்தே எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

என் கதைக்கு வருகிறேன். சாயங்காலம் அட்மிட். முதலில் அரை மணி நேரம் வயிற்றில் பெல்ட் கட்டி சிடிஜி எடுத்தார்கள், குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க. இரவு 8 மணிக்கு முதல் ஜெல். டினோப்ரோஸ்டோன் என்ற மருந்து, 0.5 மில்லிகிராம், ஊசியில்லாத சிரிஞ்சில் வரும், ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள். உள்ளே வைக்கும்போது ஜில்லென்று இருந்தது. வலி ஜெல்லால் இல்லை, கை வைத்துப் பார்ப்பதில்தான். வாய் பின்பக்கம் இருந்ததால் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். மூச்சை இழுத்து மெதுவாக வெளியே விட்டால் உடம்பு தளரும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் இன்னும் வலிக்கும். வைத்த பிறகு அரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள்.

பிறகு ஒன்றுமே இல்லை. மாதவிடாய் சமயத்தில் வருவது போல அடிவயிற்றில் ஒரு பிசைவு, கொஞ்சம் இடுப்புக் கடுப்பு, அவ்வளவுதான். ராத்திரி 2 மணிக்கு இரண்டாவது, காலை 9 மணிக்கு மூன்றாவது. ஒரு ஜெல்லுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி, 24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை விரல் திறந்திருக்கிறது என்று பார்த்தார்கள். மூன்றாவது ஜெல் வைக்கும்போது ஒரு விரல்தான்.

அன்று மதியம்தான் எல்லோரும் கலங்கிப்போனோம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த என் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மாமியார் டாக்டரிடம் போய், "16 மணி நேரமா புள்ள கஷ்டப்படுறா, ஆபரேஷனே பண்ணிருங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என்மேல் அவ்வளவு பாசம், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்ன பதில்: "அம்மா, அவங்களுக்கு இன்னும் பிரசவமே ஆரம்பிக்கல. வாய் பதமாகிட்டு இருக்கு, குழந்தை துடிப்பு நல்லா இருக்கு. இந்த 16 மணி நேரத்தை நீங்க பிரசவக் கணக்குல சேர்க்காதீங்க." சில ஜெல் கதைகள் ஆபரேஷனில் முடிவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். வீட்டார் முதல் ஜெல்லிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தாயும் சேயும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைந்து, வலி வரவைக்கும் மருந்தும் டிரிப்ஸில் ஏறிக் குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது பார்த்த பிறகுதான் "இண்டக்‌ஷன் எடுபடவில்லை", அதாவது வலியைத் தூண்டியது பலிக்கவில்லை, என்று சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல்.

மாலை 4 மணிக்கு இரண்டு விரல் தாராளமாகத் திறந்திருந்தது. பனிக்குடத்தை உடைத்துவிட்டார்கள். வெதுவெதுப்பாகத் தண்ணீர் போனது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று சிஸ்டர் சத்தமாகச் சொன்னார். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், இன்னும் உன்னிப்பாகக் கவனிப்பார்கள். பிறகு டிரிப்ஸில் ஆக்சிடோசின். நம் ஊரில் "வலி ஊசி" என்பது இதைத்தான். கொஞ்சமாக ஆரம்பித்து, நேரம் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். 7 மணிக்கு மேல் வந்ததுதான் வலி. இரவு 11.40-க்கு மகள் பிறந்தாள், 2 கிலோ 900. முதல் ஜெல்லிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 28 மணி நேரம். உண்மையான வலி 5 மணி நேரம்தான்.

ஊசி வலி தாங்க முடியாது என்று சொல்வதில் உண்மை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது பிரசவத்தில் எனக்குத் தானாகவே வலி வந்தது, அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். தானாக வந்த வலி வாசல்படி ஏறுவது போல ஒவ்வொன்றாக ஏறியது. வீட்டில் நடந்துகொண்டே பாதி நேரம் கழிந்தது. டிரிப்ஸ் வலி ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நெருக்கி நெருக்கி வந்தது, மூச்சு வாங்க இடைவெளி குறைவு. தாங்கினேன், ஆனால் வேறு மாதிரிதான் இருந்தது. முதுகில் போடும் வலி நிவாரண ஊசி உங்கள் மருத்துவமனையில் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது அதைப் பற்றி யோசிக்கவோ பேசவோ முடியாது.

ஜெல் மட்டுமே வழி இல்லை. என் அண்ணிக்கு முதல் குழந்தை ஆபரேஷன். இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற ஆசைப்பட்டார். பழைய தையல் உள்ள கர்ப்பப்பைக்கு மாத்திரை கூடாது, தையல் பிரிந்துவிடும் ஆபத்து உண்டு, ஜெல்லும் வேண்டாம் என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பலூன் வைத்தார்கள். சிறுநீருக்குப் போடுகிற அதே ஃபோலி டியூப்தான். கர்ப்பப்பை வாய்க்கு உள்ளே நுழைத்து, நுனியிலுள்ள பலூனில் உப்புத் தண்ணீர் நிரப்பி, டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார்கள். பலூனின் அழுத்தத்திலேயே வாய் மெல்ல விரியும். விடியற்காலை பாத்ரூம் போனபோது அது தானாகக் கழன்று விழுந்தது. பயந்து கத்திவிட்டார். சிஸ்டர் ஓடிவந்து பார்த்து, "விழுந்துருச்சா? நல்லது, மூணு சென்டிமீட்டர் திறந்துருச்சு" என்றாராம். அன்று மதியம் சுகப்பிரசவம். பலூனில் மருந்து இல்லாததால் கர்ப்பப்பை அளவுக்கு மீறி இறுகும் சிக்கல் குறைவு.

நல்லதை மட்டும் சொன்னால் நான் உங்களுக்கு உண்மையாக இல்லை என்று ஆகிவிடும். என் நெருங்கிய தோழிக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை, 25 மைக்ரோகிராம், கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்ட அளவுதான் அது. ஆனால் அவள் உடம்புக்கு அது வேகமாகப் பிடித்துவிட்டது. வலி இடைவெளியே இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து, குழந்தையின் துடிப்பு இறங்கியது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கர்ப்பப்பையைத் தளர்த்த ஊசி போட்டும் சரியாகாமல் ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். பத்து நிமிடத்தில் ஐந்து தடவைக்கு மேல் வயிறு இறுகினால் அது அதிகம். யாரும் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதனால்தான் இந்த மருந்துகளை எல்லாம் மருத்துவமனையில், துடிப்பைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பேதியாகி உடம்பு சோர்ந்துபோனால், முக்க வேண்டிய நேரத்தில் தெம்பு இருக்காது. பாட்டி சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் குடியுங்கள், கெடுதல் இல்லை. சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கத்தான் அவர்கள் அதைக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, மனதில் ஆறாமல் இருப்பது. 40 வாரத்தில் செக்கப்புக்குப் போனபோது (முதலில் பார்த்துக்கொண்டிருந்த வேறொரு இடம்), உள்ளே கை வைத்துப் பார்த்தவர், ஒரு வார்த்தை சொல்லாமல் விரலைச் சுழற்றிப் பனிக்குடச் சவ்வை வாயிலிருந்து விலக்கிவிட்டிருக்கிறார். வலியில் கத்திவிட்டேன். "செக்கப்தான், இதுக்கே இப்படியா?" என்றார். அன்று இரவு உள்ளாடையில் ரத்தக் கறையைப் பார்த்து, குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று விடியும்வரை அழுதேன். அது வலியைத் தூண்ட உலகம் முழுக்கச் செய்கிற முறைதான், லேசான கறை படுவதும் சகஜம்தான். செய்ததில் தவறில்லை. சொல்லாமல் செய்ததுதான் தவறு. உங்கள் உடம்பு, உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். "என்ன செய்யப்போறீங்கன்னு சொல்லிட்டுச் செய்ங்க டாக்டர்" என்று படுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரியைச் சொன்ன பிறகு என்னை எல்லோரும் வேறு மாதிரி நடத்தினார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் வார்த்தைக்கு வருகிறேன். 2018-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சிக்கல் எதுவும் இல்லாத, முதல் பிரசவப் பெண்கள் 6,000-க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 39-வது வாரத்திலேயே வலியைத் தூண்டினார்கள். அவர்களில் 100-க்குச் சுமார் 19 பேருக்கு ஆபரேஷன். காத்திருந்தவர்களில் 22 பேருக்கு. அதற்காக எல்லோரும் 39 வாரத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஜெல் வைத்தாலே ஆபரேஷன்தான் என்ற பேச்சு சரியில்லை என்று அதிலிருந்து தெரிகிறது, அவ்வளவுதான். அதேபோல, சர்க்கரை, பிரஷர், பனிக்குட நீர் குறைவு என்று எந்தக் காரணமும் இல்லையென்றால், 41 வாரம் முடியும்போது தூண்டலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் "41 வாரம் வரை பார்க்கலாமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனில் போட்டிருக்கும் தேதியையும் ஒரு தடவை சரிபாருங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்கு வாரக் கணக்கே மாறிப்போயிருக்கும். நல்ல நாள் நல்ல நேரம் பார்த்து ஜெல் வைக்கச் சொன்னால், வாய் பதமாக எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை வரை குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். அசைவு குறைந்தாலோ, தண்ணீர் போனாலோ, மாதவிடாய் போல ரத்தம் பட்டாலோ திங்கள்வரை காத்திருக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள். அட்மிட் ஆகும் முன் என்ன சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நான் பயத்தில் பட்டினியாகப் போய்விட்டு, இரண்டாவது ஜெல்லுக்குப் பிறகு அம்மா ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்த கஞ்சிக்கு ஏங்கிக் கிடந்தேன். ஸ்கோர் எவ்வளவு என்று தெரிந்ததும் இதன் கீழே எழுதுங்கள். திங்கள் இரவு நான் முழித்துத்தான் இருப்பேன்.