சஃபையர் கண்ணாடிக்கு எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் ரோலெக்ஸ் சப்மரீனர் 16610 உள்ளது. வெயிலில் மணி பார்த்தால் டயலுக்குப் பதிலாக வானம்தான் தெரிகிறது. இவ்வளவு விலையுள்ள கடிகாரத்தில் ஏன் இப்படி?

பதில்: அந்த மாடலின் கண்ணாடி சஃபையர், அதாவது செயற்கை நீலக்கல் படிகம். அதற்கு எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு கிடையாது. சஃபையரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.77 என்பதால், அது காற்றைச் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 7.7 விழுக்காடு ஒளி திரும்பிவிடுகிறது. உள், வெளி இரண்டையும் சேர்த்தால் 15 விழுக்காட்டை நெருங்கும். எளிதில் கீறல் விழும் பழைய அக்ரிலிக் கண்ணாடியில்கூட ஒரு பரப்புக்கு 4 விழுக்காடுதான் திரும்பும். பூச்சாக மெக்னீசியம் ஃபுளூரைடை ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனில் படியவைத்தால், பூச்சின் மேலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. இந்தத் தடிமன் பச்சை நிற ஒளிக்கு ஏற்றவாறு கணக்கிடப்படுவதால் நீலமும் சிவப்பும் சிறிது எஞ்சுகின்றன. பூச்சுள்ள கண்ணாடியில் நீலம் அல்லது ஊதாச் சாயல் தெரிவது இதனால்தான்.

கேள்வி: இருபுறமும் பூசிய கண்ணாடி வாங்கலாமா, உட்புறம் மட்டும் போதுமா?

பதில்: நாள்தோறும் கட்டும் கடிகாரத்துக்கு உட்புறம் மட்டும் பூசியதையே பரிந்துரைக்கிறேன். இருபுறமும் பூசியதன் அழகை நான் மறுக்கவில்லை. பிரைட்லிங் கடிகாரங்கள் பலவற்றில் நேராகப் பார்க்கும்போது கண்ணாடி இருப்பதே தெரியாது, டயலைத் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் மோஸ் அளவுகோலில் 9 என்ற கடினத்துக்காகத்தான் நாம் சஃபையரை விரும்புகிறோம். வெளிப்பூச்சு அதைவிட மென்மையானது. கதவு நிலையிலும் மேசை விளிம்பிலும் உரசி மெல்லிய கோடுகள் விழும். சஃபையருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பூச்சுதான் கீறியிருக்கும். ஆயினும் பார்ப்பவர் கண்ணுக்கு அது கீறிய கண்ணாடிதான். பூச்சை மட்டும் தேய்த்து நீக்க முடியும், மீண்டும் பூசுவதற்குக் கண்ணாடியைக் கழற்றியே ஆகவேண்டும். உட்பூச்சை எதுவும் தொடுவதில்லை. அது ஏறத்தாழ பாதி எதிரொளிப்பைக் குறைத்துவிடுகிறது. அந்தப் பாதியே டயலின் கருமையையும் முட்களின் விளிம்பையும் தெளிவாகக் காட்டப் போதுமானது.

கேள்வி: இருக்கும் கண்ணாடியின் மேலேயே பூசித் தர முடியாதா?

பதில்: கடிகாரத்தில் பொருத்தியிருக்கும் நிலையில் முடியாது. இந்தப் பூச்சு வெற்றிட அறையில், பெரும்பாலும் கண்ணாடியைச் சூடாக்கிப் படியவைக்கப்படுவது. தேதியைப் பெரிதாக்கும் லென்ஸ் ஒட்டிய கண்ணாடி என்றால், அந்த ஒட்டுப்பசை சூட்டைத் தாங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடியை மாற்றினால் நீர்காப்பு போய்விடுமா? மறுவிற்பனை மதிப்பு?

பதில்: நீர்காப்பைத்தான் நான் முதலில் கவனிப்பேன். சப்மரீனர் 300 மீட்டர் ஆழத்துக்கான கடிகாரம். கண்ணாடியைச் சுற்றி இறுகப் பிடிக்கும் வளையமும், கண்ணாடியின் தடிமனும், அதைச் சாயாமல் நேராக அழுத்தி இறக்கும் கருவியும் சரியாக அமைந்தால்தான் அந்த அளவு நிற்கும். பழைய வளையத்தையே திரும்பப் போட அனுமதிக்காதீர்கள். வேலை முடிந்ததும் அழுத்தச் சோதனை செய்து முடிவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதைச் செய்ய மறுக்கும் கடையில் கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.

மதிப்பைப் பொறுத்தவரை, வேற்றுத் தயாரிப்புக் கண்ணாடி போட்டால் உத்தரவாதம் போகும், நிறுவனத்தின் சேவை மையம் அதை அப்படியே ஏற்காமல் அசல் கண்ணாடியை மாற்றச் சொல்லவும்கூடும். 2000-களின் தொடக்கத்துக்குப் பிந்தைய ரோலெக்ஸ் கண்ணாடிகளில் 6 மணி இடத்தில் லேசரால் பொறித்த சிறு கிரீடம் இருக்கும். வாங்குபவர் லென்ஸ் வைத்து அதைத்தான் தேடுவார். எனவே கழற்றிய அசல் கண்ணாடியை மெல்லிய துணியில் சுற்றிப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: உண்மையிலேயே பூச்சுள்ள கண்ணாடிதான் போட்டார்களா என்று எப்படி அறிவது?

பதில்: டியூப் லைட்டின் கீழே கடிகாரத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் பிம்பம் சிறிது விலகி இரண்டாகத் தெரியும். பூச்சில்லாத கண்ணாடியில் இரண்டும் வெள்ளையாகவும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்துடனும் இருக்கும். உட்பூச்சு இருந்தால் ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று மங்கி நீலச் சாயலுடனும் தெரியும். இரண்டும் வெள்ளையாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே காட்டிக் கேளுங்கள்.