குளிசைய 'ட்ரிங்க்' பண்ணலாமா?

கஞ்சி, குளிசை, சிகரெட் மூண்டுக்கும் நாம குடிக்கிற எண்டுதானே சொல்லுற, இங்கிலீசுல மட்டும் ஏன் வேற வேற வெர்ப் எண்டு கேட்டிருக்கீங்க. அங்க சாமான் எப்பிடி உள்ள போகுது எண்டுதான் கணக்கு. குளிசைக்கு 'டேக்', சிகரெட்டுக்கு 'ஸ்மோக்', சூப்ப கோப்பையில ஊத்தி கரண்டியால அள்ளினா 'ஈட்', அதே சூப்ப கப்புல வாய வெச்சு உறிஞ்சினா 'ட்ரிங்க்', அப்ப நம்மட கஞ்சிக்கும் அதுதான் கதை. மட்டக்களப்புத் தயிர் சட்டியில இருந்து அள்ளுறதால எப்பவும் 'ஈட்'. எங்கட அம்மம்மா வெத்தில போடுறதுக்கு 'ஈட்' சரிவராது, சப்பித் துப்புறாவே, அதால 'ச்சூ'.

குழம்பினா 'ஹேவ்' போடுங்க, சாப்பாடு தேத்தண்ணி ரெண்டுக்கும் பொருந்தும். 'ஐ ஆம் ஹேவிங் டீ' சரி, ஆனா 'ஐ ஆம் ஹேவிங் எ கார்' பிழை, நம்மட ஆக்கள் அடிக்கடி விடுற பிழை இது, இருக்கு எண்ட கருத்துல வந்தா 'இங்' வராது. 'கன்சியூம்' எண்டும் ஒரு வெர்ப் இருக்கு, சாப்பாட்டுக்கு மட்டுமில்ல, கரண்டுக்கும் பெட்ரோலுக்கும் கூட வரும், ஆனா கூட்டாளிக்கிட்ட சோத்துக்குச் சொன்னா சிரிப்பான்.